பங்குனிப் புகையும் எங்கள் மருந்துக் கடையும்

மருந்துக் கடைக்காரியின் வேலை மருந்தை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என்று நினைத்தால், நீங்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்று பழகியவர் என்று அர்த்தம். இந்தப் பக்கம் வந்து பாருங்கள், பாதி நாள் "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லித் திட்டு வாங்குவதுதான் வேலை.

நான் நிற்கிற கவுண்டர் லிட்டில் அந்தமானில், ஹட் பே பஜாரில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து இங்கே பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். நான் பார்மசி படித்துவிட்டு இந்தக் கடையில் சேர்ந்தேன்; பஜாரில் பலருக்கு நான் 'தீதி', அதாவது அக்கா. முதலாளி மண்டல் தா, வங்காளி. 'தா' என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். நல்ல மனுஷர், ஆனால் பேச ஆரம்பித்தால் அடுத்த கப்பல் வந்துவிடும்.

போன பங்குனியில் புகை வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எந்த நாட்டிலோ காடு எரிய, காற்று அதைத் தூக்கிவந்து எங்கள் தலையில் கொட்டியது. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் நின்றால் எதிரே கட்டியிருக்கிற படகு தெரியாது. சூரியன், அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த ஆரஞ்சு மாத்திரை மாதிரி மங்கலாக மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கேயாவது இப்படி ஒரு புகையில் கண்ணைக் கசக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு திரிந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. கேளுங்கள்.

பனி பார்க்க வந்தவர்கள்

முதல் நாள் கடைக்கு வந்தது ஒரு புது ஜோடி. கோயம்புத்தூர் பக்கம். அருவி பார்க்க, கடற்கரை பார்க்க என்று கப்பலேறி வந்தவர்கள். மாப்பிள்ளை கழுத்தில் மஃப்ளர், பெண் தோளில் சால்வை. இந்த ஊர் வெயிலுக்கு மஃப்ளரா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை சொன்னார், "இப்படி ஒரு பனி இருக்கும்னு யாருமே சொல்லலைங்க. வால்பாறை தோத்துச்சு போங்க. தொண்டை மட்டும் கரகரன்னு இருக்கு, மிட்டாய் மாதிரி ஏதாவது குடுங்க."

"அது பனியில்லைங்க, புகை. காலையிலிருந்து அதைத்தான் இழுத்துக்கிட்டு நிக்கறீங்க," என்றேன். இரண்டு பேர் முகமும் மாறிவிட்டது. மூக்கோடு ஒட்டி உட்காருகிற என்-95 மாஸ்க்கை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தேன். மூக்குக்கு மேலே கம்பியை அழுத்தணும், ஓரத்தில் காற்று ஒழுகக் கூடாது, நடையைக் குறைச்சு ரூமில் ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருக்கணும். எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டார்கள். வாசற்படி வரை போன பெண் மட்டும் திரும்பி வந்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்: "மூச்சை அடக்கிக்கிட்டு ஒரே ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கலாமாங்க?"

அப்பாராவின் தாடி

மீன் விற்கிற அப்பாராவ் தெலுங்குக்காரர். பஜாரில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. அவரை விட அவர் தாடி இன்னும் பிரபலம். நெஞ்சு வரை தொங்கும். புகை வந்த நாளிலிருந்து ஈரத் துண்டை வாயில் கட்டிக்கொண்டு விடிகாலையிலிருந்து ஜெட்டியில் நின்றார். இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம், "துண்டு தூசியைத்தான் நிறுத்தும், இந்தப் புகையில இருக்கிற பொடி கண்ணுக்கே தெரியாது, துணிக்குள்ள நுழைஞ்சு போயிடும்," என்று சொல்லி மாஸ்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். தாடி மேல் மாஸ்க் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. கன்னத்துப் பக்கம் விரல் வைத்தேன். மூச்சு விடும்போதெல்லாம் காற்று சுகமாக வந்து போனது.

"இது இருக்கிற வரைக்கும் மாஸ்க் போட்டும் போடாத மாதிரிதான்," என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்க்கிற தாடி என்றார். இருமிக்கொண்டே போனார். மறுநாள் ஒருத்தர் வந்து நின்றார். மாஸ்க் மூஞ்சியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து, "க்யா சாஹியே?" என்று ஹிந்தியில், என்ன வேண்டும் எனக் கேட்டேன். அவர் மாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போன அப்பாராவ். "மூச்சு நல்லா வருது, தீதி," என்றார். "ஆனா வீட்டு நாய் இன்னும் என்னை உள்ள விடல."

சாத்தின ஜன்னலும் சாம்பிராணியும்

சாந்தி எங்கள் கடைக்கு வாடிக்கை. அவள் மகள் பவானிக்குச் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. ஆறாவது படிக்கிறாள். "ஜன்னலைச் சாத்தி வை, வெளிக்காற்று உள்ளே வரவிடாதே" என்று சாந்தியிடம் நான்தான் சொல்லியனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்து நிற்கிறாள். "நீங்க சொன்னபடிதான் செஞ்சேன், இருமல் கூடிப்போச்சு." குரலில் குற்றச்சாட்டு இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, ஓட்டையில் துணிகூட அடைத்திருந்தாள். உள்ளே போனால் எனக்கே கண் எரிகிறது. புகை நாற்றம் போக வேண்டும் என்று காலையும் மாலையும் சாம்பிராணி. சாமி படத்துக்கு ஊதுபத்தி. மூலையில் கொசுவத்திச் சுருள். கேஸ் தீர்ந்துவிட்டதால் விறகடுப்பு. இதெல்லாம் போதாதென்று, அவள் புருஷன் முருகேசன் கட்டிலில் உட்கார்ந்து பீடி வலித்துக்கொண்டிருந்தார். ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர். கப்பல் வராத நாள்.

"வெளியில இருக்கிற புகையைத் தடுத்துட்டு, உள்ள நீங்களே புகை போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்களே!" என்றேன். சுருள் வாளித் தண்ணீரில் போனது. அதற்குப் பதில் கொசுவலை. சாம்பிராணி அலமாரிக்குள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் தரையைத் துடைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு கேஸ் அடுப்பில் சமைத்துக்கொள்ள நானே போய்ப் பேசிவிட்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய முருகேசன் பீடி என்றதும் எழுந்துவிட்டார். "அப்ப நான் பீடி குடிக்க ஹட் பேயை விட்டே போகணுமா?" என்றார். சாந்தி அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போர்ட் பிளேர் போய், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில இறங்கிக் குடிச்சிட்டு, அடுத்த கப்பல்ல வாங்க."

கல்யாணத்துக்கு முன்னால்

அந்த வீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. டாக்டர் பவானிக்கு இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்று தினமும் எடுப்பது, ஒன்று மூச்சு முட்டும்போது எடுப்பது. இரண்டும் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தன. நான் எடுத்துக் காட்டியதும் சாந்தி கதவைச் சாத்திவிட்டு ரகசியக் குரலில் பேசினாள். "அதை ஊத ஆரம்பிச்சா விடவே முடியாதாமே. அதுவும் பொம்பளைப் பிள்ளை. வீசிங்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?"

இந்தக் கேள்வியைக் கவுண்டரில் சந்திக்காத மருந்துக் கடைக்காரர் நம் நாட்டில் இருக்க முடியாது. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்கள் என் வலியை அறிவார்கள். நேரே நுரையீரலுக்குப் போகிற கொஞ்சம் மருந்து அது, போதை வஸ்து இல்லை; தினமும் எடுப்பதை நிறுத்தினால்தான் அவசரத்துக்கு எடுப்பது அடிக்கடி தேவைப்படும்; புகை நாளில் நிறுத்துவது கடலில் போகும்போது படகில் ஓட்டை போடுகிற மாதிரி. ஸ்பேசர் என்கிற குழாயை இன்ஹேலரில் மாட்டி, மெதுவாக இழுத்து, கொஞ்சம் மூச்சைப் பிடித்து வைக்கப் பவானிக்குச் சொல்லிக் கொடுத்தேன். "வார்த்தை வார்த்தையா நிறுத்திப் பேசினாலோ, விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுத்தாலோ யோசிக்கவே கூடாது. டாக்டர் சொன்ன அளவுக்கு அவசர மருந்தைக் குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்," என்று சாந்தியிடம் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். சாந்தி அப்போதும் அரைமனசாகத்தான் இருந்தாள். குழாயைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்த பவானி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி மூச்சு வேணும்ல?"

ஜோசப் சாரின் கேரம்

பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் ஜோசப் சார் மலையாளி. போர்ட் பிளேரில் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. புகையில் ஓடவிட மாட்டேன் என்று அவரே பயிற்சியை நிறுத்திவிட்டார். பெற்றவர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். போன வருஷம் கோப்பை வாங்கிய ஊராயிற்றே. மனசு கேட்காமல் என்னிடம் வந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்டார். "ஓடுற பிள்ளை வாயைத் திறந்து ஆழமா இழுக்கும் சார். மாஸ்க்குக்குள்ள மூச்சு பத்தலைன்னு அதைக் கழட்டிப் பையில வெச்சுட்டுத்தான் ஓடும். இப்போதைக்கு ஓட்டமே வேண்டாம்," என்றேன்.

அவர் அசரவில்லை. வகுப்பறைக் கதவை மூடி கேரம், செஸ், மூச்சு வாங்காத உடற்பயிற்சி என்று மாற்றிவிட்டார். பெற்றவர்கள் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போய், "எந்தக் கேள்வியானாலும் சிஸ்டர்கிட்ட சோதிக்கணும்" என்று (மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது) என் தலையில் கட்டினார். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்; தொண்டைதான் போயிற்று. ஒரு வாரம் கழித்துத் தொண்டைக்கு மாத்திரை வாங்க அவரே வந்தார், முகம் வாடியிருந்தது. என்ன ஆச்சு என்றேன். "ஓட்டத்துல பிள்ளைகளுக்கு நான் குரு, சிஸ்டரே. கேரம்ல எல்லாரும் என்னைத் தோற்பிக்குன்னு."

ஒரு வாளித் தண்ணீர்

வெளிநாட்டுக் காட்டை நான் அணைக்க முடியாது. ஆனால் எங்கள் பஜாருக்குப் பின்னால் தினமும் காலையில் ஒரு தீ எரிந்தது. கடைக்காரர்கள் அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், தேங்காய் மட்டை எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்துவார்கள். வருஷக்கணக்காக நடப்பது. அந்தப் புகை நேராகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகும். அதில் பெரிய குவியல் யாருடையது என்று கேட்காதீர்கள். மருந்து வருகிற பெட்டிகள்தான், எங்கள் கடையுடையதுதான்.

மண்டல் தாவிடம் சொன்னேன். சிரித்தார். மற்ற கடைக்காரர்களிடம் சொன்னேன். "அங்க காடே எரியுது, என் அட்டைப்பெட்டியா பெரிசு?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. மறுநாள் காலை கடை திறந்ததும், தரை துடைக்கிற வாளியை நிரப்பிக்கொண்டு பின்பக்கம் போனேன். குவியலில் தீ அப்போதுதான் பிடித்திருந்தது. ஊற்றினேன். புஸ்ஸென்று சாம்பல் என் சேலையெல்லாம் அடித்தது. நான்கைந்து பேர் கத்தினார்கள். "அந்தக் காட்டுக்குத் தண்ணி கொண்டுபோக எனக்குக் கை எட்டாது. இதுக்கு எட்டும். நாளைக்கும் வருவேன்," என்றேன்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். தீ வைக்கிறவர்கள் நேரத்தை மாற்றினார்கள், நானும் மாற்றினேன். கடையில் மண்டல் தா பேச்சைக் குறைத்துவிட்டார். அவர் பேசாமல் இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன். ஒரு காலையில் வாளியோடு போனால், குவியலுக்கு முன்னால் மண்டல் தாவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பெட்டிகளெல்லாம் மடித்துக் கயிறு கட்டி ஓரமாக அடுக்கியிருந்தன, திரும்பப் போகும் கப்பலில் ஏற்ற. தீப்பெட்டியோடு வந்த ஒருவர் அவரைப் பார்த்துவிட்டுத் தயங்கித் திரும்பிப் போனார். மண்டல் தா என்னைப் பார்த்து ஹிந்தியில் சொன்னார்: "வாளியை உள்ளே வை. இவர்கள் உன் தண்ணீரைவிட என் பேச்சுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்."

ஹெலிகாப்டர் வராத நாள்

புகை மிக மோசமாக இருந்த ஒரு காலையில் சாந்தி போன் செய்தாள். "பவானிக்குப் பேச்சு உடையுது. நீங்க சொன்ன மாதிரியே உடையுது. மருந்து குடுத்தாச்சு, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டே இருக்கோம்." அவ்வளவுதான் சொன்னாள். நான் கவுண்டரை மண்டல் தாவிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

பவானி கட்டிலில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. முகத்தில் நெபுலைசர், பக்கத்தில் ஆக்ஸிஜன். டாக்டரம்மா மெயின்லேண்டிலிருந்து வந்த இளம்பெண். நிதானமாகத்தான் இருந்தார், ஆனால் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. போர்ட் பிளேருக்கு அனுப்ப ஹெலிகாப்டர் கேட்டிருந்தார். பார்வைக்கு எதுவும் தெரியாத இந்தப் புகையில் பறக்க முடியாது என்று பதில் வந்தது. கப்பல் சாயங்காலம் வந்து, திரும்பப் புறப்பட்டு, அங்கே போய்ச் சேருவதற்குள் பொழுதே விடிந்துவிடும். டாக்டரம்மா போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "சரி. இங்கேயே பார்த்துடுவோம். எனக்கு ஒரு அறை வேணும், புகை நுழையாத அறை."

தீவு ஆஸ்பத்திரி, காற்றுக்காகவே கட்டியது. ஜன்னலெல்லாம் கண்ணாடிப் பட்டைகள், முழுசாகச் சாத்த முடியாது. நான் கடைக்கு ஓடி, அங்கே இருந்த பிளாஸ்டர் டேப் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தேன். முருகேசன் ஏணியில் ஏறினார். ஜெட்டியில் மூட்டை மூட வைத்திருக்கிற பிளாஸ்டிக் விரிப்பை வெட்டி, ஜன்னல் ஜன்னலாக ஒட்டினார். மகள் இருமும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை ஒரு கணம் நிற்கும், மறுபடி ஒட்டும். கதவிடுக்கில் ஈரப் போர்வையைத் திணித்தோம். மண்டல் தா போனிலேயே ஊரைப் புரட்டி, டூரிஸ்ட் லாட்ஜ் ஒன்றிலிருந்து காற்றைச் சுத்தம் பண்ணுகிற மெஷினைப் பிடித்துவிட்டார். லாட்ஜ்காரர் தன் ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பிப் போகாமல் மூலையில் நின்றுகொண்டார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை என்று உங்களில் பலருக்குத் தெரியும். மருந்து மாறி மாறி ஏறியது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். சாந்தி என் கையைப் பிடித்திருந்தாள்; நகம் பதிந்தது. "அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சிருந்தேனே," என்று ஒரு தடவை முனகினாள். "இன்னிக்கு உன் கையிலதான் இருந்துச்சு. அதனாலதான் நேரத்துக்கு வந்து சேர்ந்தீங்க," என்றேன். மத்தியானம் தாண்டி, விலா எலும்புக்கு நடுவே உள்ளிழுத்த சதை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தோள் இறங்கியது. டாக்டரம்மா முதல் தடவையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, எனக்காக நிறுத்தாம ஏதாவது ஒண்ணு சொல்லு பார்க்கலாம்," என்றார்.

பவானி நெபுலைசரை விலக்கினாள். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரே மூச்சில் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக் கஞ்சி எனக்கு வேணாம் அம்மா மீன் குழம்பு வெச்சு எடுத்துட்டு வரணும் அதுல மாங்காயும் போடணும்."

முருகேசன் சட்டென்று வெளியே போய்விட்டார். ஜன்னலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது.

மழை

மழை எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது. தகரக் கூரையில் விழுந்த முதல் சத்தத்துக்கே பஜார் முழுக்க வெளியே வந்து நின்றது. மழை விட்டதும் ஜெட்டியில் கட்டியிருந்த படகு தெரிந்தது, அதற்கு அப்பால் கடல் தெரிந்தது. மாஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டாக்டர் சொல்கிற வரை பவானியின் தினசரி மருந்தை நிறுத்தக் கூடாது என்று சாந்தியிடம் மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை அவளே எனக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வாடிக்கைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். மாதம் முழுக்கத் தினமும் வந்து, இருமி, சண்டை போட்டு, மாஸ்க் வாங்கிப்போனவர். பிரிக்காத மாஸ்க் ஒன்றைக் கவுண்டரில் வைத்து, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வருஷத்துக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த வருஷமும் வரும்னு நீங்களே ஆசைப்படறீங்களா, தீதி?"

ஊர் முழுக்க நன்றாக மூச்சுவிட ஆரம்பித்ததிலிருந்து கடையில் எனக்கு ஈ ஓட்டுகிற வேலைதான், நான் அத்தனை பேரிடம் மல்லுக்கட்டியது இந்த வேலைக்காகத்தான் போலிருக்கிறது.